மாலை போட்ட ஆவிப் பெட்டி

செஞ்சியில் திண்டிவனம் போகும் சாலையில் எங்களுடையது பழைய சாமான் கடை. என் வீட்டுக்காரர் வெளியே போய் வாங்கி வருவார். பிரித்துப் போடுவது, எடை போடுவது, லாரியில் ஏற்றி விடுவது எல்லாம் நான். பி.ஏ. படித்துவிட்டுக் குப்பையில் உட்கார்ந்திருக்கிறாளே என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் என் பிறந்த வீட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். கொட்டட்டும். ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்கு வருகிறவர்கள் மலையேறிக் குடித்துவிட்டு எறிகிற தண்ணீர் பாட்டிலெல்லாம் கடைசியில் என் கைக்குத்தான் வருகிறது. குப்பை எனக்குப் பழகிவிட்டது. அதைக் கொண்டுவந்து போடுகிற சில பேர்தான் இன்னும் பழகவில்லை.

கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. முன்பெல்லாம் பஞ்சு, டியூப், கையுறை, கட்டுத்துணி எல்லாவற்றையும் பின்னால் இருக்கும் காலி மனையில் குவித்துக் கொளுத்துவார்கள். அந்தப் புகை எழுந்தால் மாடியில் துணி காயப்போட முடியாது. சோற்றில் கை வைத்தால் குமட்டும். தெருவே திரண்டு சண்டைக்குப் போனது. நானும் போனேன், கொஞ்சம் அதிகமாகவே கத்தினேன்.

அதற்குப் பிறகு ஒரு இயந்திரம் வாங்கினார்கள். கழிவை நெருப்பில் போடாமல் உள்ளே அடைத்து, அழுத்தத்தோடு நீராவி ஏற்றிக் கிருமியைச் சாகடிக்கிற இயந்திரம். ஆட்டோகிளேவ் என்று பெயர். எங்கள் தெருவில் அதை ஆவிப் பெட்டி என்போம். ஆஸ்பத்திரி மேனேஜர் அன்றைக்குக் கடைக்கே வந்து பெருமையாகச் சொன்னார்.

“இனிமே எரிக்கறதே இல்லம்மா. இட்லி வேக வெக்கற மாதிரி வேக வெச்சுட்றோம். பொகை இல்ல, நாத்தம் இல்ல. வெந்த பிளாஸ்டிக்க நீயே எடுத்துக்க.”

எடுத்துக்கொண்டோம். வேக வைத்தது மட்டும் போதாது, நறுக்கித் துண்டாக்காமல் அந்தச் சாமானை வெளியே விடவே கூடாது என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இயந்திரத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் ஒரு குறையும் இல்லை. நல்ல இயந்திரம். ஓட்டினால் நல்ல இயந்திரம்.

தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொண்ட சமயம் அது. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூட்டையை அவிழ்த்துக் குளுக்கோஸ் டியூப்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன். சிக்கிக்கொண்ட ஒன்றை வெடுக்கென்று இழுத்தேன். அதன் நுனியில் ஊசி அப்படியே இருந்திருக்கிறது. உள்ளங்கையில் ஏறிவிட்டது. கையுறை போட்டுத்தான் இருந்தேன், ஊசிக்கு அதெல்லாம் ஒரு தடையா? டியூபுக்குள் கருஞ்சிவப்பாக ரத்தம் ஒட்டியிருந்தது.

“வெந்த ஊசிதான, இன்னாத்துக்கு பயப்படற? சுண்ணாம்பு வெச்சுக்க” என்றார் என் வீட்டுக்காரர். மனிதர் நல்லவர், யார் எது சொன்னாலும் நம்பிவிடுவார். நான் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு, தூளியில் தூங்கிக்கொண்டிருந்த மகளை அவரிடம் விட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. சாதம் சாப்பிடுவாள், ஆனாலும் தாய்ப்பால் இல்லாமல் தூங்க மாட்டாள்.

அங்கே இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கையைப் பார்த்தார், நான் சொன்னதை முழுதாகக் கேட்டார்.

“அந்த ஊசி ஆட்டோகிளேவ்ல போனதா இல்லையா, அதுதாங்க்கா முக்கியம். போயிருந்தா ஒரு கிருமியும் மிச்சம் இருக்காது, பயமே வேணாம். போகலன்னா எய்ட்ஸ் வராம இருக்க இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கணும், ஒரு மாசம் விடாம சாப்பிடணும். பாப்பாவுக்குப் பால் குடுக்கறதையும் நிறுத்தணும். பக்கத்துலதான அந்த ஆஸ்பத்திரி? ஒரு தடவ கேட்டுட்டு உடனே வந்துடுங்க.”

வழியெல்லாம் எனக்கு ஒரே நினைப்புதான். இன்றைக்குச் சாயங்காலம் என் பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டுக்கொள்ளலாமா, கூடாதா?

மேனேஜரிடம் நான் சண்டைக்குப் போகவில்லை. சாமி சத்தியமாகப் பணிவாகத்தான் பேசினேன். கேஸ் போட மாட்டேன், யாரிடமும் சொல்ல மாட்டேன், காலையில் வந்த மூட்டை மெஷினில் போனதா இல்லையா, அந்த ஒரு வார்த்தை மட்டும் சொல்லுங்கள், பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது என்றேன்.

“போகாம? போட்டு எடுத்துதான் அனுப்பினோம்” என்றார், வாய் கூசாமல்.

எனக்கு உயிர் வந்தது. கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நான் நேராக வீட்டுக்குப் போய்ப் பிள்ளைக்குப் பால் கொடுத்திருப்பேன். ஆனால் அவருக்குப் பெருமை விடவில்லை. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் அந்த மெஷினைக் காட்டிப் பழகியவர்.

“நம்பிக்கை இல்லன்னா வா, கண்ணாலயே பாத்துட்டுப் போ” என்று என்னைப் பின்பக்க அறைக்கு அழைத்துப் போனார்.

பெட்டி இடுப்பு உயரத்துக்கு நின்றது. மூடியில் மூன்று விரலால் இழுத்த சந்தனம், நடுவில் குங்குமம். மூடியைத் திருகித் திறக்கிற கைப்பிடியில் ஒரு சாமந்தி மாலை. அதைக் கைப்பிடியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கத்தில் இருக்கிற குழாயோடு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை. பூ காய்ந்து பழுப்பேறி, ஒரு இதழ்கூட நசுங்காமல் இருந்தது. மாலையை அறுக்காமல் அந்த மூடியை அரைச் சுற்றுக்கூடத் திருப்ப முடியாது. கைப்பிடிக்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சிலந்தி வேறு சுகமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எங்கள் கடைத் தராசுக்கும் அதே நாளில்தான் பொட்டு வைத்தேன். மறுநாள் நாலு மூட்டை தூக்கி வைத்ததும் அழிந்துபோனது. இவ்வளவு ஆவி வருகிற பெட்டியில் சந்தனம் ஒரு சொட்டு வழியவில்லை.

“இத்த எப்ப சார் தொறந்தீங்க?” என்றேன்.

“இன்னிக்கு காலையில.”

“மால கட்டி இருக்குதே.”

அப்போதுதான் அவரே அந்த மாலையைப் பார்த்தார். தினமும் அந்தப் பக்கம் போய் வருகிற மனிதர்! ஆனாலும் அசரவில்லை.

“அது சாமிக்குப் போட்ட மால. தூக்கிப் போடக் கூடாதுன்னு கழட்டிக் கழட்டி மாட்டுவாங்க.”

காய்ந்த சாமந்தியை இதழ் உதிராமல் தினம் கழற்றி மாட்டுகிற அந்தக் கை யாருடையது, கூப்பிடுங்கள், நானும் பார்க்கிறேன் என்றேன். சிலந்தியையும் கூடவே கழற்றி மாட்டுவார்களா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. வராண்டாவில் உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மேனேஜர் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

“ஏம்மா, டென்ஷன் ஆவாத. அத ஒரு தபா ஓட்டினா கரண்டு எவ்ளோ இழுக்குது தெரியுமா? எரிக்காதீங்கன்னு நீங்கதான வந்து கத்துனீங்க? எரிக்கறமா இப்ப? பொகை வருதா? அப்புறம் இன்னா?”

“அப்ப மெஷின்ல போவலன்னு சொல்லுங்க.”

“நான் எப்பம்மா அப்டி சொன்னேன்? போனதுதான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாலையைப் பிய்த்து அவர் கழுத்தில் போட்டிருக்க வேண்டும். கொளுத்திய காலத்தில் புகையாவது கண்ணுக்குத் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே போய்ச் சண்டை போட்டோம். இப்போது புகையும் இல்லை, ஆவியும் இல்லை. ஒரு பெட்டியை வாங்கிப் பொட்டு வைத்துவிட்டு, அதன் பெயரைச் சொல்லி விஷத்தை மூட்டை கட்டிக் கடைக்கு அனுப்புகிறார்கள். நாங்களும் வெந்தது வெந்தது என்று வெறும் நம்பிக்கையில் கையை விட்டுத் துழாவுகிறோம்.

திரும்பிப் போய் டாக்டரிடம் சொன்னேன். அந்தப் பெண் மாத்திரையை எடுத்து, தண்ணீரும் கொடுத்து, தன் கண் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். மஞ்சள் காமாலைக்கும் ஊசி போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் மகள் என் புடவையைப் பிடித்து இழுத்து அழுதாள். புட்டிப் பாலைத் தட்டிவிட்டாள். எனக்கு மார் கட்டி வலித்தது, ரவிக்கை நனைந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேப்பிலை அரைத்துத் தடவச் சொன்னார், தடவிக்கொண்டேன். பிள்ளை வாய் வைத்துப் பார்த்துவிட்டு, முகம் கோணி, என்னையே நிமிர்ந்து பார்த்தாள். நான் செய்த அநியாயம் என்றுதானே அவள் நினைத்திருப்பாள்? அவளுக்கு மேனேஜரைத் தெரியுமா, மெஷினைத் தெரியுமா? அந்தப் பார்வைக்காக அந்த மனிதரை நான் மன்னிக்கப் போவதில்லை.

ஒரு மாதம் மாத்திரை. விழுங்கினால் வாந்தி, விழுங்காவிட்டால் பயம். என் வீட்டுக்காரர் அந்த ஆஸ்பத்திரிச் சாமானை வாங்குவதை நிறுத்தினார். நான் அதிகாரிகளுக்குப் புகார் கொடுத்தேன். பார்க்க ஆட்கள் வந்த அன்றைக்கு மாலையும் இல்லை, சிலந்தியும் இல்லை, பெட்டி பளபளவென்று துடைத்து ஆவி விட்டுக்கொண்டு நின்றதாம். சில மாதம் கழித்து எனக்குக் கடைசிப் பரிசோதனை முடிந்தது. எதுவும் இல்லை என்று சொல்லி அந்த டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து மகளைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டேன். அவள் இறங்கி விளையாடப் போய்விட்டாள். பால் மறந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அந்த வாரமே மேனேஜர் ஆட்டோவில் ஒரு மூட்டையோடு கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“உனக்கு ஒண்ணும் ஆவலயாமே? நான் அன்னிக்கே சொன்னேன்ல, வெந்ததுதான்னு. நீதான் வீணா பயந்து ஊரக் கூட்டின. இந்தா, இதுவும் நல்லா வெந்தது, எட போட்டுக்க.”

மூட்டையை இறக்கி வைத்தார். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து முடிச்சை அவிழ்த்து, மூட்டையின் வாயை அகலமாக விரித்து, மேனேஜர் பக்கம் நகர்த்தினேன்.

“வெந்ததுதான சார்? கைய உள்ள வுடுங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“வுடுங்க சார். அடி வரைக்கும்.”

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.