அளவெடுக்காத வீடு

"நீ போயி ரோட்டுல நின்னா, ஏத்துன ரோட்ட எறக்கிருவானாக்கும்?"

பெரியத்தா இதைக் கேட்டபோது எங்கள் வாசலுக்கு மேலே நின்றுகொண்டிருந்தார். மேலே என்றால் உண்மையிலேயே மேலே. சாலையை அவ்வளவு உயர்த்தியிருந்தார்கள். கதவருகே நின்ற நான் கழுத்தை அண்ணாந்துதான் அவர் முகத்தைப் பார்க்க முடிந்தது. என் அத்தாவின், அதாவது அப்பாவின், அண்ணன் அவர். அத்தா மௌத்தாகிப் போன பிறகு, எங்கள் வீட்டுக்கு ஆம்பளை என்று எல்லோரும் அவரைத்தான் கைகாட்டினார்கள்.

"எறக்க வேணாம் பெரியத்தா. தண்ணி போக ஒரு வழி வச்சுக் குடுத்தாப் போதும்."

"காலேசு வாய்" என்று சொல்லிவிட்டுக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆமாம், காலேஜுக்குப் போனவள்தான். அத்தாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததில்லை. மதரஸாவில் கற்ற குர்ஆனை அம்மா தடுமாறாமல் ஓதுவாள். ஆனால் தொண்டி பஸ் எது, ராமநாதபுரம் பஸ் எது என்று பக்கத்தில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் ஏறுவாள். அந்த வீட்டிலிருந்து தினமும் ராமநாதபுரம் போய் வந்து பி.எஸ்ஸி. கணக்கு முடித்திருக்கிறேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது.

படித்த மூன்று வருஷமும் எங்கள் கடற்கரைச் சாலையைத் தோண்டிக்கொண்டேதான் இருந்தார்கள். அகலப்படுத்துகிறோம் என்று ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் தோண்டி, அதை மூடாமல் மறுபக்கம் தோண்டினார்கள். பஸ் கருவேலங்காட்டுக்குள் இறங்கி, ஜல்லிக் குவியலைச் சுற்றி, மறுபடி மேலே ஏறும். காலையில் கறுப்பாகக் கிளம்பும் என் பர்தா காலேஜ் போய்ச் சேரும்போது செம்மண் நிறத்தில் இருக்கும். ஒரு பரீட்சை அன்று பஸ் சேற்றில் புதைந்துவிட்டது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து, மீன் வண்டி ஒன்றில் ஏறிப் போய் எழுதினேன். அந்தத் தாளில்தான் எனக்கு நல்ல மார்க்.

அத்தா சவுதியில் டிரைவர். ஒவ்வொரு தடவை லீவு முடிந்து போகும்போதும் வாசலுக்கு எதிரே இருக்கும் பள்ளத்தைப் பார்த்து, "நான் அடுத்து வாரதுக்குள்ள முடிச்சிருவான்" என்பார். அடுத்து வரும்போது பள்ளம் வாசலுக்கு இன்னும் கிட்டே வந்திருக்கும். "பாத்தியா, நம்மள வரவேற்க வந்து நிக்கிது" என்று சிரிப்பார். எத்தனையோ ஊர்ச் சாலைகளில் வண்டி ஓட்டிய மனிதருக்குத் தன் வீட்டு வாசலில் ஒரு டாக்ஸியைக் கொண்டுவந்து நிறுத்தக் கொடுத்து வைக்கவில்லை. பெட்டியைத் தலையில் வைத்து, பள்ளத்துக்குக் குறுக்கே போட்ட பலகை மேல் நடந்துதான் வீட்டுக்குள் வருவார்.

கடைசியாக நெஞ்சுவலியோடு வந்தார். அதன்பின் திரும்பிப் போகவில்லை.

அவரை அடக்கம் செய்யக் கபுருஸ்தானுக்குக் கொண்டுபோன அன்றும் அதே பலகைதான். அவரை வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்தவர்கள் வாசலில் நின்றுவிட்டார்கள். பலகையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். பிறகு சிலர் பள்ளத்துக்குள் இறங்கி நின்றார்கள். மேலே இருந்தவர்கள் கொடுக்க, கீழே நின்றவர்கள் தலைக்கு மேலே கையை உயர்த்தி வாங்க, அந்தப் பக்கம் நின்றவர்களிடம் சேர்த்தார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தா போனதற்கு யாரிடமும் போய்க் கேட்க முடியாது. அந்தப் பள்ளத்துக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

அம்மா இத்தா இருக்க ஆரம்பித்தாள். கணவனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் அவன் வாழ்ந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். வெளியே போகக் கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. வெள்ளைத் துணி உடுத்தி, உள் அறையில் திரை போட்டு உட்கார்ந்தாள். அந்த மாதங்களில்தான் பள்ளத்தில் மண்ணைக் கொட்டி, உருளை விட்டு அமுக்கி, சாலையை எங்கள் மதில் பாதி மறையும் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஓரத்தில் தண்ணீர் ஓடச் சிமெண்டு வாறுகாலும் கட்டினார்கள். மற்ற வீடுகளுக்கு எதிரே அதில் தண்ணீர் விழ ஓட்டை விட்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு எதிரே வெறும் சுவர்.

ஆவணியில் பெய்த ஒரு மழைக்கே முற்றம் நிரம்பி, படி தாண்டித் தண்ணீர் கூடத்துக்குள் வந்துவிட்டது. அம்மா பாயைச் சுருட்டிக் கட்டில் மேல் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து தொழுதாள். மறுநாள் பெரியத்தா வந்தார்.

"ஒங்கம்மாவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வா. மிச்ச நாள அங்கன இருக்கட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னாள்: "நான் எங்கயும் வரல. அவுக வீட்டுலதான் இருப்பேன். தண்ணி வந்தா கட்டுல்ல இருந்துக்கிறேன்."

அத்தாவுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். ஐப்பசி மழை கட்டிலையும் விட்டுவைக்காது. அதற்குள் தண்ணீருக்கு வழி பண்ண வேண்டும். இல்லாவிட்டால் இத்தா நடுவிலேயே அவளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பெரியத்தாவின் கேள்வியைக் காதில் வைத்துக்கொண்டே சாலையில் இறங்கினேன், இல்லை, ஏறினேன்.

சாலை வேலைச் சூப்பர்வைசர் வட மாவட்டம் எதிலிருந்தோ வந்தவர். பொக்லைன் நிழலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் சார் ஓட்ட விடல?"

"எந்த வீடு பாப்பா?"

காட்டினேன். அவர் முகம் மாறியது. "ஐயோ, அந்த வீடா! இப்ப எல்லாருக்கும் சரியாயிடுச்சா?"

"என்ன சரியாகணும்?"

"தரை உயரம் பாக்க, லெவல் எடுக்க வந்தப்ப ஒரு பெரியவர் வாசல்லயே மடக்கிட்டார். உள்ள பொம்பள இத்தா இருக்கு, எந்த ஆம்பளையும் கிட்ட வரக் கூடாதுன்னார். அது என்னன்னு எங்களுக்குத் தெரியல. அம்மை மாதிரி ஏதோன்னு நெனச்சு, பசங்க அந்த வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்தப் பெரியவர் யார் என்று கேட்கத் தேவையில்லை. தம்பி மனைவியின் மரியாதையைக் காப்பாற்றுவதாக நினைத்து, அவள் வீட்டைச் சாலைக் கணக்கிலிருந்தே விலக்கிவிட்டார் பெரியத்தா. அன்று சாயங்காலம் அவரிடமே கேட்டேன்.

"பொறத்தியான உள்ள விடச் சொல்றியா?" என்றார். பிறகு எழுந்து போகும்போது, "ரோட்டுக்காரன்கிட்ட நான் வந்து சொல்லவா?" என்று கேட்டார்.

"நானே பாத்துக்கிறேன் பெரியத்தா."

என்ஜினீயர் வரும் நாளைச் சூப்பர்வைசரிடம் கேட்டுவைத்து, அன்று காலையிலேயே போய் நின்றேன். ஜீப்பிலிருந்து இறங்கிய என்ஜினீயர் பாதி கேட்டதுமே தலையை ஆட்டினார்.

"உள்ள மட்டம் தெரியாம எப்படிம்மா போடுறது? ஆள விட மாட்டேங்கிறீங்க."

"ஆள் வர வேண்டாம் சார். கம்ப எங்கிட்டக் குடுங்க."

கருவியை மூன்று காலில் நிறுத்தி, சாலையிலிருந்து பார்ப்பார்கள். எண்கள் எழுதிய உயரமான கம்பை அளக்க வேண்டிய இடத்தில் ஒருவர் நிறுத்திப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கருவியின் கண்ணாடி வழியாக அவர்களுக்கு, மதிலுக்கு மேலே நீண்டிருக்கும் கம்பு மட்டும்தான் தெரியும். உள்ளே இருக்கிற யாரும் அதில் தெரிய மாட்டார்கள். கம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

முற்றத்தின் நடுவில் நிறுத்தினேன். கம்பு காற்றில் ஆடியது.

"ஆட்டாதீங்க மேடம்!" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

"கெழக்க சாயுது புள்ள, நேராப் புடி" என்று ஜன்னல் திரைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அத்தா போன பிறகு அவள் அதிகாரமாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

மேலே ஒருவர் எண்ணைச் சத்தமாகப் படித்தார். கம்பை என்னிடம் தருமுன் வாறுகாலின் அடியில் வைத்துப் படித்த எண்ணும் என் காதில் விழுந்திருந்தது. எண் கூடினால் இடம் தாழ்வு என்று அர்த்தம். மனதுக்குள் கழித்துப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்து மேலே ஏறினேன்.

"சார், எங்க முற்றம் உங்க வாறுகாலோட அடிய விடத் தாழ்வா இருக்கு. ஓட்ட போட்டா எங்க தண்ணி வெளிய போகாது, வாறுகால் தண்ணிதான் உள்ள வரும்."

என்ஜினீயர் தன் கணக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். "அப்ப ரோட்டுக்குக் கீழ குறுக்க குழாய் போட்டு, கடல் பக்கம் ஓடையிலதான் விடணும். ஒரு வீட்டுக்காக அத வெட்ட முடியாதும்மா. தார் போட ஆரம்பிக்கப் போறாங்க."

"வரிசையே தாழ்வா இருந்தா வெட்டலாமா சார்?"

"மத்த வீட்டுக்கெல்லாம் லெவல் இருக்கே."

"வாசல்படியில வச்சு எடுத்த லெவல். இந்த வரிசையில பாதி வீட்டுல ஆம்பளைங்க அரபு நாட்டுல இருக்காங்க. உங்காளுங்கள யாரும் கதவுக்குள்ள விட்டிருக்க மாட்டாங்க. எல்லா முற்றமும் படிக்குக் கீழதான்."

என்ஜினீயர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஜல்லிக் குவியலைப் பார்த்தார்.

"மத்தியானம் வரைக்கும் இங்கதான் இருப்பேன்" என்றார் என்ஜினீயர். "அளந்து காட்டுங்க. வரிசையா தாழ்வு இருந்துச்சுன்னா குழாய் போட்டுட்டுத்தான் தார்."

கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு மாமி கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து பார்த்தார்.

"என்னடி, காலங்காத்தால கம்போட வாரவ? யார அடிக்கப் போற?"

"உங்க முற்றத்த அளக்கணும் மாமி. நான் மட்டும்தான் உள்ள வருவேன்."

கதவு திறந்தது. ஆட்டுக்குட்டியைத் தள்ளிவிட்டு, தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்த மூலையில் கம்பை ஊன்றினேன். இந்தத் தடவை அது சாயவில்லை.

"எடுங்க சார்!" என்று மதிலுக்கு மேலே குரல் கொடுத்தேன்.