ஜெர்மன்காரரை நம்பி இழுத்த ஹேண்ட்பிரேக்

எண்பதுகளில் அமெரிக்காவின் பார்சிப்பனியில் என்னைவிட மோசமாகக் கார் ஓட்டிய தமிழர்கள் இருந்திருக்கலாம். ஆனால் கார் ஓட்டுவதைப் பற்றி என் அளவுக்கு அளந்தவர் யாரும் இருந்திருக்க முடியாது. காரணம், நூலகத்தின் பழைய மோட்டார் பத்திரிகைகளில் நான் கண்டெடுத்த ஒரு ஜெர்மன் ராலி கார்ப் பந்தய ஓட்டுநர். மலைக் கிராமம் ஒன்றில் பால் வண்டி ஓட்டியது, முதல் பந்தயத்திலேயே பள்ளத்தில் விழுந்தது, கால் முறிந்து ஒரு வருடம் படுக்கையில் கிடந்தது, எழுந்து வந்து பனிச்சாலைகளில் ஜெயித்தது, எல்லாம் எனக்கு அத்துப்படி. சாப்பிடும்போதும் அவர் புராணம்தான். "உங்க ஜெர்மன் அண்ணனுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?" என்று சாம்பார் ஊற்றிக்கொண்டே மனைவி கேட்பாள்.

அவள் மதுரையில் படித்த டாக்டர். இங்கே மறுபடி எல்லாப் பரீட்சையும் எழுதி, இரண்டு வருடமாக அப்ளை பண்ணியதில், ஒரே ஒரு மருத்துவமனையிலிருந்து ரெசிடென்சி என்ற பயிற்சி டாக்டர் வேலைக்கு இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இதுவும் நழுவினால் அவள் டாக்டர் என்பதை அவளே மறந்துவிட வேண்டியதுதான்.

ராலியில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வரப்போகும் வளைவுகளை நோட்டைப் பார்த்துச் சொல்வார். இன்டர்வியூவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நாங்களும் அந்த மருத்துவமனைக்குப் போகும் வழியில் போய்க் குறிப்பெடுத்தோம். நான் சொல்லச் சொல்ல, இன்டர்வியூவுக்குப் படிக்க வேண்டியவள் உட்கார்ந்து எழுதினாள்.

இன்டர்வியூ அன்று காலை பனி கொட்டியது. "பஸ்ல போயிடலாமே," என்றாள்.

"ஸ்னோலதான் நம்ம ஆளு ஜெயிச்சாரு," என்றேன்.

பட்டுப்புடவைக்கு மேல் தடித்த கோட்டும் மடியில் நோட்டுமாக ஏறி உட்கார்ந்தாள்.

"கேஸ் ஸ்டேஷன் தாண்டி ரைட். மெதுவாப் போங்க."

"மெதுவான்னு நோட்ல இருக்கா?"

"இல்ல, நான் சொல்றேன்."

வளைவில் ஜெர்மன்காரரைப் போலவே ஸ்டியரிங்கை ஒடித்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். கார் ஒரு முழுச் சுற்று சுற்றி, யார் வீட்டு வாசலிலோ குவித்திருந்த பனியில் பின்பக்கமாகப் போய்ப் புதைந்தது. அடி ஒன்றும் படவில்லை. "அடுத்தது லெஃப்ட்," என்று நோட்டைப் பார்த்துப் படித்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். இரண்டு வருடம் வந்த மறுப்புக் கடிதங்களுக்குக்கூட அழாதவள். எனக்கு அப்படியே அந்தப் பனிக்குள் புதைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வீட்டுக்காரர் மண்வாரியோடு வந்தார். அவரும் அவளுமாகப் பனியை அள்ளினார்கள். என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். கார் வெளியே வந்ததும், "சாவியக் குடுங்க," என்றாள். அவளுக்கு லைசென்ஸ் வந்து ஆறு மாதமாகியிருந்தது. என் வாய்ப்பேச்சில் அவளுக்குக் காரே கிடைக்கவில்லை. இருபது மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனாள். நாற்பது நிமிடம் லேட்.

இரண்டு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து நகத்தைக் கடித்தேன். வந்தாள்.

"ஜூலைல சேரச் சொல்லிட்டாங்க."

"ஏன் லேட்டுன்னு கேக்கலையா?"

"கேட்டாங்க. ஸ்னோ பழக்கமில்ல, நான்தான் காரைச் சறுக்க விட்டுட்டேன்னு சொன்னேன்."

அவ்வளவு பேர் முன்னால், வேலை தரப் போகிறவர்களிடம், என் முட்டாள்தனத்தை அவள் பெயரில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். அதற்கு அவள் என்னை நாலு அறை விட்டிருக்கலாம். இறங்கிப் போய் அவளுக்கு ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டேன்.