என் ரூம் டீ

எதையும் வரிசைப்படுத்திக்கொண்டால்தான் எனக்கு யோசிக்கவே வரும். மறைமலை நகரில், கார் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பொருள் எந்தெந்த வழியில் கெட்டுப்போகலாம் என்று முன்கூட்டியே எழுதிவைத்து, ஒவ்வொரு வழியாக அடைப்பதுதான் எங்கள் பிழைப்பு. அந்தப் பழக்கத்தை வைத்து வீட்டில் ஒரு பொய்யைக் காப்பாற்றினேன் என்று இப்போது எழுதும்போதும் கூசுகிறது. அதுவும் டீக்காக.

கல்யாணமாகி சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அத்தை, அதாவது கணவரின் அம்மா, ஒரு டம்ளர் டீ கொடுத்தார். பாலிலேயே தூளைப் போட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, செங்கல் நிறம் வரும்வரை கொதிக்கவிட்ட டீ. சர்க்கரை உதட்டில் ஒட்டியது. என் அம்மா வீட்டில் பால் சேர்க்காத டீதான் பழக்கம். ஆனாலும் "ரொம்ப நல்லா இருக்கு அத்தை" என்றேன். அத்தோடு நிறுத்தியிருந்தால் அது வெறும் மரியாதை. மறுநாளும் சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்த ஒரு நாள், ஆபீஸ் மெஷின் டீயை வாயில் வைக்க முடியவில்லை, அத்தை டீக்கு நாக்கு பழகிவிட்டது என்று நானாகவே போய்ச் சொன்னேன். அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரிப்பை மறைத்தார். அடுத்த நாளிலிருந்து எனக்கென்று ஒரு பெரிய டம்ளர் வந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சின்னதுதான்.

கிளம்பிக்கொண்டே குடிக்கிறேன் என்று, சின்ன டம்ளர் நாட்களிலிருந்தே, டம்ளரோடு எங்கள் அறைக்குப் போவேன். கதவைச் சாத்தி, குளியலறை வாஷ்பேசினில் டீயை ஊற்றி, குழாயைத் திறந்துவிடுவேன். பிறகு என் டீ. குன்னூர்ப் பக்கம் விளையும் இலை டீ, பொன்னிறமாக இறங்கும். ஆன்லைனில் வாங்கி, பார்சல் தொழிற்சாலை முகவரிக்கு வரும்படி செய்திருந்தேன். டப்பா பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் இருந்தது. சின்ன கெட்டில் எதற்கு என்று அத்தை கேட்டபோது, எனக்கு அடிக்கடி தொண்டை கட்டும், வெந்நீருக்கு என்றேன். அதிலிருந்து வாரம் ஒருமுறை மிளகு ரசம் காரமாக வைத்து என்னைக் குடிக்கச் சொன்னார். வடித்த இலையை டிஷ்யூவில் சுருட்டி, லஞ்ச் பையில் வைத்து, தொழிற்சாலைக் குப்பைத்தொட்டியில் போடுவேன். நிறம், இலை, பார்சல், டப்பா, கெட்டில் என்று எல்லாவற்றையும் யோசித்திருந்தேன். கணவருக்கு மட்டும் தெரியும். சொல்லிவிடு, அம்மா ஒன்றும் நினைக்கமாட்டார் என்று ஒருமுறை சொன்னார். நான் கேட்காததால் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாத்தனார் வந்திருந்தாள். ஆபீஸில் கொடுத்தது என்று ஒரு டீப் பெட்டி கொண்டுவந்தாள். அசாம், டார்ஜிலிங், நீலகிரி, பச்சைத் தேயிலை என்று நான்கு சின்னப் பாக்கெட்டுகள். எது எதுவென்று சொல்லாமல் கொடுத்து எல்லோரையும் பத்துக்கு மார்க் போடச் சொல்லலாம் என்று யோசனை சொன்னவள் நான்தான். எல்லோருக்கும் அது பொழுதுபோக்கு. எனக்கு வேறு கணக்கு. பெட்டியிலிருந்த நீலகிரிக்குப் பதிலாக என் டப்பா டீயைப் போட்டுவிட வேண்டும். அது ஜெயித்தால், 'எல்லோருக்கும் பிடித்திருக்கிறதே' என்று சமையலறைக்கே கொண்டுவந்துவிடலாம். யாரும் பொய் சொன்னதாக ஆகாது. வாஷ்பேசினையும் மறந்துவிடலாம்.

முறையாகத்தான் செய்தேன். சமையலறைத் தராசில் எல்லாத் தூளையும் ஒரே எடையாக நிறுத்து, ஒரே அளவு வெந்நீர் ஊற்றி, போன் அலாரம் வைத்து வடிகட்டினேன். நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாதென்று எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினேன். ஐந்தாவதாக வீட்டு டீத்தூளையும் சேர்த்தேன். பாலும் சர்க்கரையும் கடைசியில்தான் என்றதும் மாமா, அத்தையைப் பார்த்து, இது டீயா கஷாயமா என்று கேட்டார்.

"அண்ணி, பாஸ் மார்க் எவ்வளவு?" என்றாள் நாத்தனார். "எங்கப்பா எதையும் பெயில் போடமாட்டார், சொல்லிட்டேன்."

அவள் சொன்னபடியே மாமா எல்லாவற்றுக்கும் ஒரே மார்க் போட்டார். கணவர் பச்சைத் தேயிலையைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அத்தைதான் ஆசையாக உட்கார்ந்திருந்தார். அசாமைக் குடித்துவிட்டு, இதுதான் நம் வீட்டுத் தூள், எனக்குத் தெரியாதா என்றார். வீட்டுத் தூளைக் குடித்துவிட்டு, இது என்னவோ மரத்தூள் மாதிரி இருக்கிறது, இதையெல்லாம் யார் வாங்குகிறார்கள் என்று டம்ளரைத் தள்ளிவைத்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் செய்ததிலெல்லாம் மட்டமானது அந்தச் சந்தோஷம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

பிறகு என் டப்பா டீ இருந்த டம்ளரை எடுத்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மூக்கருகே வைத்தார், அவ்வளவுதான்.

"இது உன் ரூம் டீ ஆச்சே" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. ஒரு விடையாவது சரியாகத் தெரிந்துவிட்ட சந்தோஷத்தில் சொன்னார். எல்லாவற்றையும் யோசித்திருந்த நான் வாசனையை யோசிக்கவில்லை. கதவுக்கும் தரைக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி அந்த வீட்டில் எல்லா அறைகளுக்கும் உண்டு.

"இல்ல அத்தை, இது பாக்ஸ்ல வந்ததுதான்" என்றேன். அந்த நேரத்தில்கூட ஒப்புக்கொண்டிருக்கலாம்.

"அப்படியா? சரி" என்றார் அத்தை.

நாத்தனார் பால் எடுக்கச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது அவள் கையில் நீலகிரிப் பாக்கெட் இருந்தது. எங்கள் வேலையில், சோதனைக்கு எடுக்காத மாதிரியைத் தூக்கிப் போடக் கூடாது, தனியாக எடுத்துவைத்து அடையாளம் ஒட்ட வேண்டும். கை தன்பாட்டுக்கு அதைச் செய்திருக்கிறது. பிரிக்காத பாக்கெட்டின் மேல் என் கையெழுத்தில் 'பயன்படுத்தவில்லை' என்று ஸ்டிக்கர் ஒட்டி, தராசுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

"அண்ணி, இத நீங்க பிரிக்கவே இல்லையே" என்றாள் சிரித்துக்கொண்டே. எங்கள் முகங்களைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரைப் பார்க்கவில்லை. அதே டம்ளரை எடுத்து, நிதானமாகக் கடைசி வரை குடித்தார்.

"இதுக்கு எட்டு போட்டுக்கோ. நல்லாத்தான் இருக்கு. வாசனை தினமும் வருது. குடிச்சதுதான் இல்ல."

மாமா பேப்பரை விரித்துக்கொண்டார். நாத்தனார் போன் வந்ததுபோல எழுந்து பால்கனிக்குப் போனாள். நான் டம்ளர்களைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். தேய்க்க ஒரு வேலையாவது இருந்ததே என்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தை வந்து பக்கத்தில் நின்றார். டீக்கறை வெறும் சோப்புக்குப் போகாது என்று சோடா உப்பு டப்பாவை என்னிடம் நகர்த்தினார்.

"உங்க பாத்ரூம் பேசினுக்கும் இதுதான் போடுவேன்" என்றார்.

நாங்கள் வேலைக்குப் போன பிறகு அறையைப் பெருக்குவது அவர்தான். அந்த வாஷ்பேசின் எப்போதும் வெள்ளையாகத்தான் இருந்தது. அது எப்படி வெள்ளையாக இருக்கிறது என்று நான் ஒருநாளும் கேட்டுக்கொண்டதில்லை.

"தெரிஞ்சும் ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?"

"நீ நல்லா இருக்குன்னு சொல்லுவே. அத கேக்க நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு, பெரிய டம்ளரில் போட்டால் கொஞ்சமாவது உள்ளே போகும் என்று நினைத்ததாகவும் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். டீக்கெல்லாம் எதற்கு மன்னிப்பு என்று கையை ஈரத் துணியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை சாப்பாட்டு மேஜையில் சின்ன டம்ளர்களில் டீ இருந்தது. என் பெரிய டம்ளரில் வெந்நீர், மேலே ஒரு தட்டு மூடியிருந்தது. பக்கத்தில் வடிகட்டி. நான் எதை விரும்பினேனோ அது கிடைத்துவிட்டது. என் டப்பாவை எடுத்துவந்து எல்லோர் முன்னாலும் டீ இறக்கிக் குடித்தேன். அத்தைக்கும் ஒரு டம்ளர் கொடுத்தேன். குடித்தார், நன்றாக இருப்பதாகச் சொன்னார். என் வாக்கியத்தை அவர் வாயில் கேட்டபோது தலை நிமிரவில்லை. மறுநாள் கொடுத்தபோது, தனக்குத் தன்னுடையதே போதும் என்றுவிட்டார். அதன்பின் தினமும் எனக்கு வெந்நீர்தான் வந்தது.

மழை தொடங்கியபின் ஒரு மாலை, பெருங்களத்தூரில் தண்ணீர் தேங்கி எங்கள் கம்பெனி பஸ் நகரவே இல்லை. இறங்கி, பாதி நடந்து, பாதி ஆட்டோவில் வந்து, சொட்டச் சொட்ட வீட்டுக்குள் நுழைந்தபோது சமையலறையில் இஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனை ஹாலுக்கு வந்தது. முதல்முறையாக எனக்கு அந்த டீ வேண்டும்போல இருந்தது. துண்டால் தலையைச் சுற்றிக்கொண்டு போய் நின்றேன்.

"அத்தை, எனக்கும் கொஞ்சம் குடுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "எனக்காகக் குடிக்க வேணாம்மா. கெட்டில்ல வெந்நீர் போட்டிருக்கேன்."

நம்பச் சொல்லிக் கேட்க என்னிடம் ஒரு வார்த்தையும் மிச்சமில்லை. நன்றாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அதை நானே செலவழித்துவிட்டேன். சும்மா நின்றேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, சின்ன டம்ளரில் பாதி ஊற்றிக் கொடுத்தார். அறைக்கு எடுத்துப் போகாமல் அங்கேயே, அவர் கண்ணெதிரே குடித்தேன். சூடு தொண்டையில் இறங்கியது இதமாக இருந்தது. சர்க்கரை அதே போல உதட்டில் ஒட்டியது.

"சர்க்கரை ரொம்ப ஜாஸ்தி அத்தை" என்றேன்.

"இத சொல்ல உனக்கு இவ்வளவு நாளாச்சு" என்றார் அவர். அடுப்பை அணைத்துவிட்டு, மாமாவுக்கு எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். நான் டம்ளரின் அடியில் நின்றதையும் குடித்தேன். பிறகு சோடா உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு எங்கள் குளியலறைக்குப் போனேன். பேசினில் கறை எதுவும் இல்லை. ஆனாலும் தேய்த்தேன்.