இலைக்கு ரெண்டு லைட்டு

மனுசனைப் படமெடுத்தால் ‘கொஞ்சம் சிரிங்க’ என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். இலையைப் படமெடுக்கிறவனுக்கு அந்த வசதிகூடக் கிடையாது. வெள்ளைத் திரைக்கு முன்னால் வயிற்றைக் கழுவுகிற ஸ்டுடியோக்காரர்களே, உங்களுக்குத்தான் என் பாடு புரியும்.

நான் எட்டாவதோடு நின்று, கல்யாண வீடுகளில் லைட்டுத் தூக்கி, ஊர்ப்பட்ட திட்டு வாங்கி, பிறகு போடியில் சொந்தமாகக் கடை போட்டவன். எல்லார் கையிலும் போன் வந்ததும் கல்யாண ஆர்டர் தேய்ந்துபோனது. ஷட்டரை இறக்கிவிடலாமா என்று யோசித்த நேரத்தில்தான் ஏலக்காய்த் தோட்டக்காரர் சங்கம் ஒன்றின் பயிர் ஆலோசகர் வந்தார். சின்ன வயசு அம்மா. ஏல இலையில் வருகிற நோய்களையெல்லாம் படமெடுத்து ஒரே சுவர்ப்படமாகப் போட வேண்டுமாம். தோட்டத்தில் எடுத்தால் காற்றும் வெயிலும் பச்சையை மாற்றிவிடும். அறைக்குள், வெறும் வெள்ளைப் பின்னணியில்தான் வேண்டும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை, நானும் இல்லை. காபி ஆறுகிறவரை ரேட்டுப் பேசினோம். கடைசியில் எழுந்தவர் சொன்னார்: “மழை பிடிக்கிறதுக்குள்ள முடிச்சா இனி சங்கத்துப் படமெல்லாம் உங்களுக்குத்தான். இல்லேன்னா மதுரைக்குப் போயிரும்ணே.”

இலைக்கு ஏது சீட்டு?

ஏல இலை ஒரு கை நீளம் இருக்கும். பறித்த கொஞ்ச நேரத்திலேயே சுருள ஆரம்பித்துவிடும். மலையிலிருந்து இறங்குகிற ஜீப் டிரைவர் பாண்டியிடம், ஈரச் சாக்கில் சுற்றி நீளவாக்கில் கொண்டு வரச் சொல்லியிருந்தேன். அவன் நாலாக மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, எஞ்சின் சூட்டுப் பக்கமாகச் செருகிக் கொண்டுவந்தான். பையைப் பிரித்தால் அவித்த கீரை வாசம்.

நான் போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் வடை தின்றவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். பாண்டி அசரவில்லை. “ஏண்ணே கத்துறீக? ஆளுகளையே ஜீப்புக்கு வெளிய தொங்க விட்டுக் கொண்டாரேன். இலைக்கு முன் சீட்டா போட்டுத் தருவாக?”

எண்ணெய்க் குளியல்

மறுநாளிலிருந்து இலை முன் சீட்டில்தான் வந்தது. அது வேறு கதை. டிரைவருக்கும் குடும்பத்துக்கும் இலவசமாகப் படம் எடுத்துத் தருவதாகப் பேசி முடித்தேன்.

அடுத்த சோதனை ராமுத்தாய் அக்கா. ராசிங்காபுரத்துக்காரர், மலையில் தோட்டம் வைத்திருக்கிறார். அவர் தோட்டத்தில் சிவப்புச் சிலந்தி விழுந்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத பூச்சி, இலைக்கு அடியில் தூசி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இலையைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லி, வாழை மட்டைக்குள் பொதிந்து பத்திரமாகத்தான் கொண்டுவந்தார். பிரித்தேன். இலை பளபளவென்று மின்னியது. ஷாம்பு தண்ணீரில் அலசி, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்திருக்கிறார். சிலந்தியும் இல்லை, சிலந்தியின் சுவடும் இல்லை.

“பூச்சியைத்தான்க்கா படமெடுக்கணும்!” என்று தலையில் அடித்துக்கொண்டேன். அக்கா இடுப்பில் கை வைத்தார். “போட்டோவுக்குக் கூட்டியாரும்போது பூச்சியும் புழுதியுமாவா கூட்டியாருவாக? ஒம் பொண்டாட்டி கல்யாணப் போட்டோவுல அழுக்குச் சேலையோடவாப்பா நின்னா?”

பாஸ்போர்ட் படம்

நிழல் விழாமல் எடுப்பதுதான் இந்தச் சோலியில் கஷ்டம். வெள்ளை அட்டைக்கு மேலே உயரமாகக் கண்ணாடிப் பலகையைக் கிடையாக வைத்து, அதில் இலையைப் படுக்க வைத்து, இரண்டு பக்கமும் லைட்டுப் போடுவேன். ஒரு பக்கம் சரிப்பட்டால் மறுபக்கம் சுருளும். ஒருநாள் இந்த மல்லுக்கட்டுக்கு நடுவே ரிட்டயர்டு கண்டக்டர் ஒருவர் பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்து, தலையை வாரிக்கொண்டு, பெஞ்சில் காத்திருந்தார்.

இலையை முடித்துவிட்டு, ஒரு லைட்டை அணைத்துவிட்டு அவரை உட்கார வைத்தேன். அணைந்த லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: “எனக்கு ஒரு லைட்டு, இலைக்கு ரெண்டு லைட்டா? அது எந்த நாட்டுக்கு தம்பி போகுது?”

நல்ல இலை கிடைக்காத ஊர்

தேமல், கருகல், துரு, அழுகல் எல்லாம் முடிந்தது. சிலந்தியும் இரண்டாம் முறை குளிக்காமல் வந்து சேர்ந்தது. ஆலோசகர் பார்த்துவிட்டு, நடுவில் நோயில்லாத நல்ல இலை ஒன்று வேண்டும், அது இல்லாமல் படம் அச்சுக்குப் போகாது என்றார். இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். நோய் வந்த இலையைக் கேட்காமலே கொடுத்த ஆட்கள், நல்ல இலை என்றதும் பின்வாங்கினார்கள். செழித்து நிற்கிற செடியில் இலையைக் கிள்ளி, அதன் படத்தைக் கடைகடையாக மாட்டினால் ஊர்க்கண் அத்தனையும் தோட்டத்தின் மேல் விழாதா?

குரங்கணி மலை மேலே கருமேகம் கூடிவிட்டது. மழை பிடித்தால் ஆர்டர் மதுரைக்கு. நானே பாண்டி ஜீப்பில் ஏறிப் போனேன். லென்ஸ் விற்கிறவனை அழ வைத்து வாங்குகிற என் வாய்ச் சாமர்த்தியம் அங்கே எடுபடவில்லை. தோட்டக்காரர் ஒருவர் அருமையான காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: “பொண்ணு பாக்க வர்றவன்கூட போட்டோவத்தேன் வாங்கிட்டுப் போவான். நீங்க பொண்ணு கையவே ஒடிச்சுக் குடுங்கறீகளேண்ணே!”

கடுகளவு பேரம்

கடைசியில் ராமுத்தாய் அக்காதான் இரங்கினார். இலை தருவார், ஆனால் அதில் திருஷ்டிப் பொட்டு வைப்பார். இலைக்குப் பின்பக்கம் வையுங்கள் என்றேன். “கண்ணு வைக்கிறவன் முதுகையா பாக்கான்?” என்றார். அவர் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் பொட்டுக் கேட்டார். நான் இறக்கி இறக்கிக் கடுகு அளவுக்குக் கொண்டுவந்தேன். கம்ப்யூட்டரில் அழிக்கக் கூடாது என்று கேமராவின் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டார். இலையை மடியில் கிடத்தி முன் சீட்டில் அவரே வந்தார். கண்ணாடியில் படுக்க வைத்து, பையிலிருந்த மையைத் தொட்டுப் பொட்டும் வைத்தார்.

நான் எடுத்ததிலேயே அழகான படம் அதுதான். போடி மாப்பிள்ளைகளில் பாதிப் பேர் முகத்தில் பருவை அழித்த கை இது. ஒரு கடுகை அழிக்க எவ்வளவு நேரமாகும்? ஆனால் பேசி முடித்த பேரத்தில் பின்வாங்கிப் பழக்கமில்லை. அப்படியே அனுப்பினேன். ஆலோசகர் உடனே போன் செய்து, அது என்ன கறுப்பு, எடுத்துவிடுங்கள் என்றார். விசயத்தைச் சொன்னேன். எடுக்கத்தான் வேண்டும் என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “பொட்டோட வேணும்னா வச்சுக்குங்க, இல்லேன்னா மதுரைக்கே போங்க!” என்று கத்திவிட்டேன். கத்தி முடித்த பிறகுதான் ஆர்டர் நினைவுக்கு வந்தது. ஷட்டரைத் திரும்பிப் பார்த்தேன். போனில் ஒரு பெருமூச்சு. “எங்கம்மாவா இருந்தா ரெண்டு பொட்டு வச்சிருக்கும். அச்சுக்கு அனுப்புங்கண்ணே.”

என்ன உரம்?

மழையும் பிடித்தது, சுவர்ப்படமும் உரக்கடைகளில் ஏறியது. சங்கம் அடுத்ததாக மிளகு இலையைக் கொடுத்துவிட்டது. நல்ல இலை இருக்கிற தோட்டம் என்று பேராகி, ராமுத்தாய் அக்காவிடம் நாற்றுக் கேட்டு ஆள் வருகிறதாம். தன் பொட்டு காப்பாற்றுகிறது என்று அவர் சந்தோசமாக இருக்கிறார்.

போன வாரம் தோட்டக்காரர் ஒருவர் நனைந்தபடி கடைக்குள் வந்தார். படத்தை எடுத்தது நான்தானா என்று உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார். “நடுவுல ‘நல்ல இலை’ன்னு போட்டு, அதுல கறுப்பா ஒரு புள்ளி இருக்குல்லண்ணே? எந்தோட்டம் பூராத் தேடிட்டேன், ஒரு இலையிலகூட அந்தப் புள்ளியக் காணோம். என்ன உரம் போட்டா வரும்?”

மிளகு இலைகள் வர ஆரம்பித்துவிட்டன. லைட்டு ரெண்டையும் துடைத்து வைத்ததோடு, எதற்கும் இருக்கட்டும் என்று மேசையில் ஒரு மை டப்பாவும் வாங்கி வைத்திருக்கிறேன்.