பிலோமி அக்காவின் மன்றாட்டும் என் பியானோவும்

ஐடியா வந்தது ஒரு ஜெபத்தின் நடுவில்.

எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. தொடைமேல் இருந்த என் வலதுகை விரல்கள் தாமாகவே கீபோர்டில் அமுக்குவது போல ஒரு சோகமான மைனர் கார்டைப் பிடித்தன. அந்த நிமிடமே பாட்டு பாதி முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

முழுதாகவே சொல்லிவிடுகிறேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வாராவாரம் இந்த இடத்தில் என் மேடைப் பெருமைகளை உங்கள் தலையில் கட்டுகிறவன், இதை மட்டும் ஒளித்துவைத்தால் எப்படி?

எங்கள் பங்கில், அதாவது எங்கள் சர்ச் வட்டாரத்தில், அன்பியம் என்று ஒன்று உண்டு. பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கிற இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள், வாரம் ஒரு வீட்டில், வியாழன் மாலை ஆறரை மணிக்குக் கூடுவோம். பைபிள் வாசிப்பு, பாட்டு, கடைசியில் சுண்டல். சுண்டலுக்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மகனுக்கு வேலை, மாமியாருக்கு முழங்கால் வலி, தங்கச்சிக்குக் குழந்தை... ஒவ்வொன்றுக்கும் மற்றவர்கள் சேர்ந்து ‘கேட்டருளும்’ என்போம். அங்கே கேட்டதை வெளியே பேசக் கூடாது. அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதப்படவில்லை. எழுதத் தேவையே இருந்ததில்லை — நான் வரும்வரை.

அன்று பிலோமி அக்காவின் முறை. தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறார். ஊருக்கே அக்கா. என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. மற்றவர்கள் கடவுளிடம் பிரசங்கத் தமிழில் பேசுவார்கள். அக்கா மட்டும் லைன்மேனிடம் பேசுகிற மாதிரிப் பேசுவார்.

“ஏனுங்க ஆண்டவரே, நான்தானுங்க, பிலோமி. போன வாரம் கரண்டுக்குக் கேட்டேன், குடுத்தீங்க, ரொம்ப நன்றிங்க. கிரைண்டர் கல்லு கொத்தறவரு இன்னும் வரலீங்க, அவரக் கொஞ்சம் அனுப்பி உடுங்க. எதுத்த ஊட்டு நாயி கொலைச்சுக் கொலைச்சு அதுக்கே தொண்டை கட்டிப்போச்சுங்க, அதையும் பாத்துக்கோங்க. அப்புறமுங்க...”

நிறுத்தினார். மூன்று, நான்கு விநாடி. ஃபேன் சத்தம் மட்டும்.

“என்ற புள்ளைக்கு ஒரு போனு வரோணுமுங்க. சூலூர்ல இருந்து. ஒரே ஒரு போனு போதுமுங்க.”

அவர் மகள் ரீனா நான்கு மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். கணவர் சூலூரில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். ஏதோ சண்டை. என்ன சண்டை என்று தெருவில் யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் ‘கேட்டருளும்’ என்றார்கள். நான் சொல்லவில்லை. அந்த இடைவெளி எத்தனை பீட் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புது வாசகர்களுக்கு: நான் வாரநாட்களில் சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு. சனிக்கிழமை சாயங்காலம், ஆபீஸுக்கு எதிரில் ஒரு காபிக்கடை மாடியில் காமெடிப் பாட்டு — சொந்த வரி, சொந்த மெட்டு. போஸ்டரில் ‘பியானோ’ என்று போடுவார்கள். போகட்டும். பைக் சர்வீஸ்காரர் “நாளைக்கு ரெடிங்க” என்று பதினோரு நாள் சொல்கிற பாட்டு, மணமக்களைச் சாப்பிடவிடாத போட்டோகிராபர் பாட்டு... ஒவ்வொன்றுக்கும் ஒரு தொப்பி, ஒரு குரல், ஒரு வேஷம்.

இதில் ஒரே ஒரு சூட்சுமம்தான். கார்டு சோகமாக இருக்க வேண்டும், முகம் அதைவிடச் சோகமாக இருக்க வேண்டும், வரி மட்டும் அற்பமாக இருக்க வேண்டும். சிரிப்பு வரும் வரிக்கு முன்னால் கையைக் கட்டைகளிலிருந்து எடுத்துவிட வேண்டும். மௌனம். அப்புறம் வரி.

இரண்டே நாளில் ‘மாவுக்கார அக்காவின் மன்றாட்டு’ தயார். மேடையில் ஒரு துண்டை முக்காடாகப் போட்டுக்கொண்டேன். (எழுதும்போதே முகம் சுடுகிறது.) கூட்டத்துக்குக் ‘கேட்டருளும்’ சொல்லிக் கொடுத்தேன். நாற்பது பேர் கோரஸ். கரண்டு — கேட்டருளும்! கல் கொத்துகிறவர் — கேட்டருளும்! நாய் — கேட்டருளும்! பிறகு கையை எடுத்தேன். மூன்று, நான்கு விநாடி. அக்கா விட்ட அதே இடைவெளி.

“என்ற புள்ளைக்கு, சூலூர்ல இருந்து... ஒரே ஒரு போனு!”

மாடியே அதிர்ந்தது. என் வாழ்க்கையிலேயே பெரிய கைதட்டல். நண்பன் பிரவீன் போனில் எடுத்து, காபி ஆறுவதற்குள் இன்ஸ்டாவில் ஏற்றிவிட்டான்.

“மச்சி, அந்த கேப் விட்ட பாரு... அதுதான்டா பாட்டே. எங்கடா புடிச்ச அந்த டைமிங்?”

நான் அடக்கமாகச் சிரித்துக்கொண்டேன். அக்காவை நினைக்கவே இல்லையா என்று கேட்பீர்கள். நினைத்தேன். பெயர் போடவில்லையே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். கோயம்புத்தூரில் மாவுக் கடை வைத்து, சூலூரில் மருமகன் இருந்து, லைன்மேனிடம் பேசுவது போல் ஜெபம் செய்கிற அக்காக்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள், இல்லையா?

அடுத்த வியாழன் அன்பியம் எங்கள் வீட்டில். அக்கா வந்தார். கதவோரம் உட்கார்ந்தார். முறை வந்தது.

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. அடுத்தவங்க சொல்லுங்க.”

எனக்கு நினைவு தெரிந்து அக்கா முறையை விட்டதே இல்லை. சிரிக்க ரெடியாக இருந்த முகங்கள் எல்லாம் மெல்லத் தரையைப் பார்த்தன. சுண்டலுக்குக்கூட நிற்காமல் அக்கா கிளம்பிவிட்டார். பின்னாலேயே ரீனா. வாசலில் பிடித்தேன். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள், சின்ன வயதில் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் என் முன்பெஞ்ச்.

“வீடியோ பாத்தியா?” என்றேன்.

“பாத்தேன். நல்லாத்தான்டா பாடற. நாயி வரும்போது நானே சிரிச்சுப்போட்டேன்.” குனிந்து செருப்பு வாரை மாட்டினாள். “அப்புறம்தான் அந்தப் புள்ள நான்னு தெரிஞ்சுது.”

அவள் நிமிர்ந்தாள்.

“போனு வந்துச்சு, தெரியுமா?”

“யாரு... அவரா?”

“அவருதான். செவ்வாக்கெழம. நாலு மாசத்துல மொத போனு. பேரப் பாத்ததும் அடுப்ப அப்படியே உட்டுட்டு ஓடியாந்தேன். எடுத்தா... ‘உங்கம்மா நம்ம ஊட்டு விசயத்தப் பாட்டுக்காரனுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களா? பட்டறையில நான் போற பக்கமெல்லாம் கேட்டருளும் கேட்டருளும்ங்கறானுங்க’ன்னு ஒரே கத்து. வெச்சுட்டாரு.”

“நான் இப்பவே டெலீட் பண்ணச் சொல்றேன்.”

“பண்ணு. அப்படியே பட்டறையில இருக்கறவங்க வாயையும் டெலீட் பண்ணிட்டு வா.”

பிரவீன் நீக்குவதற்கு முன் வீடியோவை ஒருமுறை பார்த்தேன். அந்த நான்கு விநாடி வந்தது. அன்று அக்கா அழுகையை விழுங்கிய நேரம் அது. நான் அதைப் பீட் எண்ணி, சுத்தமாக நகல் எடுத்திருக்கிறேன். என் பாட்டிலேயே மிகச் சிறந்த இடம், ஒரு அம்மாவுக்குத் தொண்டை அடைத்த இடம். அதற்குத்தான் அத்தனை கைதட்டல்.

மறுநாள் காலை கடைக்குப் போனேன். அக்கா பாக்கெட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார்.

“அக்கா... நான் செஞ்சது பெரிய தப்புங்க.”

“பாட்டுக்குச் சிரிச்சாங்களா கண்ணு?”

இல்லை என்று சொல்ல நினைத்தேன். “சிரிச்சாங்கக்கா.”

“கரண்டுக்கும் நாயிக்கும் சிரிக்கட்டும். சிரிக்கோணும்னுதான நானே அப்படிச் சொல்றது? எல்லாரும் அழுமூஞ்சியா உக்காந்திருந்தா ஆண்டவருக்கும் சலிச்சுப்போயிருமில்ல.” பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் இறுக்கினார். “நாயி வரைக்கும் உங்களுக்குச் சொன்னது கண்ணு. போனு விசயம் ஆண்டவருக்கு மட்டும் சொன்னது. சத்தமா வந்துபோச்சு. நீ ஏங்கண்ணு கண்ணத் தொறந்தே?”

குரலில் கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு வந்திருப்பேன். மாவு பாக்கெட்டைக் கையில் கொடுத்து, “அம்மாட்ட குடு” என்றார்.

நடந்து வரும்போது உறைத்தது. அக்கா தெரியாமல் சிரிப்பு மூட்டவில்லை. தெரிந்தே, ஒரு அறை முழுக்க முகம் வாடிக் கிடந்தவர்களுக்காக, வாராவாரம் செய்துகொண்டிருந்தார். அந்தப் பாட்டின் சிரிப்பும் அவருடையது, அழுகையும் அவருடையது. நான் கொண்டுவந்தது கீபோர்டு மட்டும். அதுவும் கோயிலுடையது.

எங்கள் காமெடி மேடைக் கூட்டத்தில் ஒரு டயலாக் உண்டு: கவனிக்கிறதுதான் கலைஞனோட வேலை! நானே மேடையில் மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது சந்தேகம். பாதி நேரம் நாம் செய்வது ஒட்டுக்கேட்பதுதானோ? வெளியே வந்ததும் அதற்கு ஒரு மெட்டுப் போட்டுவிடுகிறோமோ?

இதற்குப் பிறகும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? மன்னிப்புப் பாட்டு! இரண்டு வரிகூட எழுதிவிட்டேன். ரீனாவிடம் பாடிக் காட்டலாமா என்று கேட்டேன்.

“ஏன்டா, மறுபடியும் பாட்டா? உனக்குச் சும்மா பேசவே வராதா?”

இதை எழுத இருவரிடமும் கேட்டேன். இந்த முறை முதலிலேயே கேட்டேன். பெயர், கடை, ஊர் எல்லாம் மாற்றியாயிற்று. மாவுக் கடை உண்மையில் மாவுக் கடை இல்லை. சூலூரும் சூலூர் இல்லை. நாய் மட்டும் நிஜம். அக்கா ஒரே நிபந்தனை போட்டார்: “எழுதிக்கோ கண்ணு. என்னைய ரொம்ப நல்லவளா எழுதிப்போடாத, கூச்சமா இருக்கும்.” ரீனாவுக்கு வேறு கவலை.

“அவரு பேப்பரெல்லாம் படிக்க மாட்டாரு. எங்கம்மாதான் எழுதிக் குடுத்தாங்கன்னு இன்னும் நெனச்சுட்டிருக்காரு. நீ நேர்ல போயிச் சொல்லு.”

“என்னன்னு சொல்றது?”

“உங்க அத்தை எழுதிக் குடுக்கல, அவங்க ஜெபத்துல அழுதத நான் திருடிப்போட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். அதுக்கு மேல பேசாத, நீ பேசினா காமெடி ஆயிரும்.”

ஆக, ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். துண்டு இல்லை, மைக் இல்லை, பெஞ்சு நிறைய ஆள் இல்லை. கேட்கப்போவது ஒருவர். அவருக்கு என்னைப் பார்த்ததும் சிரிப்பு வரப்போவதில்லை.

“கதவச் சாத்திட்டாருன்னா?” என்று ரீனாவிடம் கேட்டேன்.

“அடுத்த ஞாயித்துக்கெழமயும் போ.”

அந்த ஊருக்கு ஞாயிற்றுக்கிழமையும் பஸ் நிறைய உண்டு. விசாரித்துவிட்டேன்.