போளிப் பாட்டு

ஆறுமுகத்தாய்க்குக் குரல் சின்னது. பசுவந்தனைப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டே அவள் பாடினால், பக்கத்தில் எடுப்பவளுக்கு மட்டும்தான் கேட்கும். பாட்டெல்லாம் அவளே கட்டியவை. வீடு திரும்ப மறுத்த எருமை, கை காட்டியும் நிற்காமல் போன பஸ், இப்படி. புருஷன் தங்கச்சாமி புல்புல்தாரா என்கிற கம்பி வாத்தியத்தில் கூடவே மெல்லத் தட்டுவான். பெரிய வித்வான் ஒன்றும் இல்லை. அவளை மூழ்கடிக்காமல் வாசிக்கத் தெரிந்தவன்.

கோவில்பட்டியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த அய்யாத்துரை ஒரு கல்யாண வீட்டில் அவள் பாட்டைக் கேட்டார். கேசட் போட்டே தீருவேன் என்று நின்றார். எண்பத்து நாலாம் வருஷம் ஒரு பஞ்சுக் குடோனில் வைத்துப் பதிவு செய்தார்கள். சுற்றிலும் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்ததால் தெருச் சத்தம் ஒரு பொட்டு உள்ளே வரவில்லை. அவள் மூச்சு விட்டதுகூட டேப்பில் ஏறிவிட்டது.

முதல் பாட்டு போளிப் பாட்டு. மகள் ராதாமணி சின்னப் பிள்ளையில் சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். அவளுக்கு ஊட்டுவதற்காகக் கட்டியது. பாட்டில், கடம்பூர் ஸ்டேஷனில் மாமன் வாங்கிய போளியைக் காக்கா தட்டிக்கொண்டு ரயிலேறிவிடும். டிக்கெட் கேட்டவருக்குப் பாதிப் போளி கொடுத்துத் தப்பிக்கும். பிள்ளை சிரிக்க வாய் திறந்ததும் ஒரு வாய் சோறு உள்ளே போய்விடும்.

ஊரில் கேசட் விலை போகவில்லை. "என்ன அண்ணாச்சி, செட்டு ரிப்பேரா? ஒண்ணும் கேக்க மாட்டேங்குதே" என்றார் டீக்கடைக்காரர். அய்யாத்துரைக்கு ரோஷம் வந்துவிட்டது. மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கேசட்டை அனுப்பி வைத்தார்.

அதில் அரைப் பக்கம் விமர்சனம் வந்தது. "எல்லாரும் அழுது ஓய்ந்த பிறகு இழவு வீட்டில் ஓர் அமைதி வருமே, அந்த அமைதி இந்தக் குரலில் இருக்கிறது" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவரைக் குறை சொல்ல முடியாது, மனம் உருகித்தான் எழுதியிருந்தார். எழுதிவிட்டு அவர் அடுத்த கேசட்டைப் பார்க்கப் போய்விட்டார். இந்த ஊரில் குடியிருக்க வேண்டியவள் ஆறுமுகத்தாய் அல்லவா?

அய்யாத்துரை அதைக் கத்தரித்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். பார்த்துப் படித்தவர்களில் ஒருவர் கயத்தாற்றிலிருந்து வந்து, "எங்க வீட்டுல துட்டி. பேப்பர்ல போட்ருக்காவளே, அந்தக் கேசட்டைக் கொண்டாங்க" என்றார். அய்யாத்துரையும் பெருமையாகக் கொண்டுபோனார். மனுஷன் அங்கேதான் புத்தியை அடகு வைத்தார். சாவு விழுந்த துட்டி வீட்டில் ஒலித்த பாட்டை இந்தப் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் போடமாட்டார்கள். புதுக் கேசட்டில் ஏற்றினாலும் குரல் அதே குரல்தானே!

அதன் பிறகு எந்த ஊரில் சாவு விழுந்தாலும் அந்தக் கேசட் போயிற்று. சடங்கு வீட்டில் குலவை போடக்கூட ஆறுமுகத்தாயைக் கூப்பிடுவதில்லை. அவள் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? எல்லாரும் அவளைப் புகழத்தான் செய்தார்கள்.

ராதாமணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஆறுமுகத்தாய்க்கு இருந்தது ஒரே ஆசை.

"அண்ணாச்சி, போளிப் பாட்டை மட்டும் பந்தல்ல போடுங்க. அது எம் மகளுக்குக் கட்டுனது."

அய்யாத்துரை தலையைக் குனிந்துகொண்டார். "மாட்டேம்னா சொல்லுதேன்? சம்பந்தகாரவிய ஒத்துக்கிடணும்லா, தாயி."

சம்பந்தி ஆவுடைத்தாய் பக்குவமாகத்தான் சொன்னாள். "மதினி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. கேசட்டும் வேண்டாம், அன்னைக்கு நீங்க வாயால பாட்டுப் படிக்கவும் வேண்டாம். மங்கள காரியம் பாருங்க."

ஆறுமுகத்தாய் மகளுக்காக வாயை மூடிக்கொண்டாள். தாலி கட்டும்போது பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

மறு வருஷம் ஆவுடைத்தாயின் மாமனார் இறந்துபோனார். ஆறுமுகத்தாய் போய் இறங்கியபோது வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அவள் கேசட்டைப் போட்டிருந்தார்கள். போளிப் பாட்டு ஓடியது. காக்கா ரயிலேறியது, கூட்டம் விம்மி விம்மி அழுதது.

ஆவுடைத்தாய் அவளைக் கட்டிக்கொண்டாள். "அழாத ஆள் இல்ல மதினி. பாட்டுன்னா உங்க பாட்டுதான்!"

"மதினி, அது சிரிக்கிற பாட்டு" என்றாள் ஆறுமுகத்தாய். அழுகைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

ராதாமணிக்கு ஏழாம் மாதம். வாயும் வயிறுமாக இருப்பவள் பிணத்தருகே இருக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் உட்கார்த்தியிருந்தார்கள். ஆறுமுகத்தாய் சோறு பிசைந்து கொண்டுபோனாள். மகள் ஒரு வாய் வாங்கிக்கொண்டு அம்மா கையைப் பிடித்தாள்.

"எம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிட மாட்டியே?"

"சொல்லுட்டி."

"பிள்ள பெறந்த பொறவு, இந்தப் பாட்ட மட்டும் தொட்டில்ல படிச்சிராதம்மா. எனக்குப் பயமா இருக்கு."

ஆறுமுகத்தாய் சரி என்று தலையாட்டிவிட்டு அடுத்த வாயை உருட்டினாள். வெளியே குழாயில் அவள் பாடிக்கொண்டிருந்தாள்.