காலி அரங்கில் பதிவானது

நான் ஒரு சினிமா எடிட்டர். இல்லாததை இருப்பதாகக் காட்டுவதுதான் என் பிழைப்பு. அதனாலேயே முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் நான் எதையும் வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. பேயாவது பிசாசாவது என்று எல்லோரையும் கிண்டலடித்துக்கொண்டு திரிந்தவன்தான் நானும்.

எங்களுடையது சின்னப் படம். ஓவியம் படித்த ஐந்து நண்பர்களில் ஒருவன் செத்துப்போகிறான். மீதி நால்வரும் அந்தத் துக்கத்தோடு ஒரே வீட்டில் நாளைக் கடத்துகிறார்கள். கதை அவ்வளவுதான். சண்டை கிடையாது, பாட்டு கிடையாது. ஒரு பெண் தொட்டியில் பிரஷ் கழுவுவதையே ஆறு நிமிடம் காட்டுவோம்.

அது கற்பனையும் அல்ல. எங்கள் ஐவர் கூட்டத்தில் ஒருவன், எந்நேரமும் காதில் பென்சில் செருகியிருப்பான். பெயரே பென்சில் ஆகிவிட்டது. காய்ச்சல் என்று அறையில் தனியாகப் படுத்தவனை இரண்டு நாள் கழித்து, கதவை உடைத்து, பிணமாகத்தான் வெளியே எடுத்தோம். நிமோனியா என்றார் டாக்டர்.

அந்த வாரம் நான் வேறொரு படத்தின் வேலையில் மூழ்கியிருந்தேன். பென்சில் நேரம் காலம் தெரியாமல் போன் செய்து தொணதொணப்பான். வேலை முடியட்டும் என்று அவன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். மணியும் அடிக்காது, மிஸ்டு காலும் காட்டாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவன் கூப்பிட்டிருக்கவே மாட்டான் என்று எனக்கு நானே ஓதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஐவரில் ஒருவனான டைரக்டரிடம் மல்லுக்கட்டி, பிரஷ் கழுவும் பெண்ணின் வாயில் ஒரு வரியை வைத்ததும் நான்தான். "ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்போமே..." அந்த வரியை எழுதிய பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது.

படத்துக்கு ஒரே ஒரு தியேட்டர் கிடைத்தது. அதிலும் மூன்றாவது ஸ்கிரீனில், காலை பதினொரு மணிக் காட்சி மட்டும்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. அரங்கில் ஒரு சீட்டுக்கு அடியில் சின்ன ரெக்கார்டரை வைத்துவிடுவேன். எங்கே இருமுகிறார்கள், எங்கே நெளிகிறார்கள் என்று பிறகு படத்தோடு சேர்த்து ஓடவிட்டுக் கேட்பேன். வெளியே வந்து "நல்லா இருக்கு சார்" என்று சொல்பவர் பொய் சொல்லலாம். இருமல் பொய் சொல்லாது.

வெள்ளிக்கிழமை பதினெட்டுப் பேர். பிரஷ் காட்சியில் ஒருவர், "யாராவது அந்தப் பொண்ணுக்கு ஒரு வாஷிங் மெஷின் வாங்கிக் குடுங்கப்பா" என்றார். அரங்கே சிரித்தது. சனிக்கிழமை ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டார். திங்கட்கிழமை ஓர் அம்மா ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அழுதார். ஏன் என்று வாசலில் கேட்டேன். "தெரியலப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை தியேட்டர் மேனேஜர் கூப்பிட்டார்.

"அந்த பிரஷ் கழுவுறதைத் தூக்கிட்டுக் குடுங்க தம்பி. இன்னும் ஒரு வாரம் ஓட்டித் தரேன்."

மறுநாள் சாயங்காலத்துக்குள் தரவேண்டும். வேறு எதை வேண்டுமானாலும் வெட்டத் தயாராக இருந்தேன். அந்த வரியை வெட்ட மட்டும் மனசு வரவில்லை.

வியாழக்கிழமை. ஐந்து டிக்கெட்டாவது போகாவிட்டால் காட்சி ரத்து. அதனால் எங்களைப் போன்றவர்கள் செய்யும் கோமாளித்தனத்தை நானும் செய்தேன். என் படத்துக்கு நானே ஐந்து டிக்கெட் வாங்கினேன். எங்கள் கூட்டத்தில் மீதி மூவரையும் வரச் சொன்னேன். ஆளுக்கொரு வேலை. யாரும் வரவில்லை. நூற்றிருபது சீட்டுக்கு நான் ஒருத்தன். சொந்தப் படத்தைக் காலி அரங்கில் தனியாகப் பார்ப்பதுபோலக் கொடுமை வேறில்லை.

நடு வரிசையில் ரெக்கார்டரை வைத்துவிட்டு முன்னால் போய் உட்கார்ந்தேன். 11:04க்கு விளக்கு அணைந்தது.

11:19.

'டக்.'

எனக்குப் பின்னால்.

திரும்பிப் பார்த்தேன். அங்கே எல்லாம் ஆள் எழுந்தால் தானாக மடிந்துகொள்ளும் ஸ்பிரிங் சீட். வரிசை வரிசையாக மடிந்து கிடந்தன. நடு வரிசையில் ஒன்று மட்டும் விரிந்திருந்தது.

ஸ்பிரிங் போயிருக்கும் என்று எழுந்து போனேன். தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. உட்காரும் இடத்தில் கை பட்டது. ஏசியில் அரங்கமே விறைத்துக் கிடந்தது. அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது...

11:23க்கு வெளியே வந்துவிட்டேன். பயம் என்று ஒப்புக்கொள்ள அப்போது மனசு இடம் கொடுக்கவில்லை. அரங்குக்கு ஒரே கதவு. அதன் பக்கத்து பெஞ்சில்தான் படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் உள்ளே போகவில்லை, யாரும் வெளியே வரவில்லை. பிறகு உள்ளே போய் ரெக்கார்டரை எடுத்தேன். எல்லா சீட்டும் ஒழுங்காக மடிந்திருந்தன.

பிற்பகல் 3:30. எடிட் அறை. நல்ல வெயில் வெளியே. பதிவைப் படத்தோடு சேர்த்து, ஹெட்போனை மாட்டினேன்.

பதினைந்தாவது நிமிடம், 'டக்'. பத்தொன்பதாவது நிமிடம், நான் கதவை மூடும் சத்தம். அதற்குப் பிறகு அரங்கில் ஆளே இல்லை.

இருபத்தெட்டாவது நிமிடத்தில், சுவரில் கழுத்து நீண்ட ஒரு பூனைப் படம் வந்துபோகும். டைரக்டரைக் கேலி செய்து பென்சில் வரைந்தது. எங்கள் ஐவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். இதுவரை பார்த்தவர்களில் ஒருவரும் அதற்குச் சிரித்ததில்லை.

பதிவில்... யாரோ மூக்கால் சிரித்தார்கள்.

பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன். அதே சிரிப்பு.

முப்பத்தைந்தாவது நிமிடம் ஓர் இருமல். சளி கட்டிய இருமல். பிறகு மூச்சு. இழுத்து... இழுத்து... விடும் மூச்சு.

ஐம்பத்திரண்டாவது நிமிடம்.

தொட்டியில் தண்ணீர் கொட்டுகிறது. அந்தப் பெண் பிரஷ் கழுவுகிறாள்.

பதிவில் அந்த மூச்சு நின்றது.

"ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்போமே..."

அமைதி.

அப்புறம்... ரெக்கார்டருக்கு மிகப் பக்கத்தில்...

"பதினாலு தடவைடா."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன்.

சிறிது நேரம் கழித்து டைரக்டரை வரவழைத்தேன். எதுவும் சொல்லாமல் கேட்க வைத்தேன். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"பதினாலுன்னா... என்னடா?"

"தெரியல."

அவன் என்னையே பார்த்தான். குரல் யாருடையது என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மாலையே அந்தக் காட்சியை முழுசாகத் தூக்கிவிட்டேன். படம் இன்னொரு வாரம் ஓடியது. அரங்கின் பக்கமே நான் போகவில்லை.

இருபது நாள் கழித்து பென்சிலின் அக்காவிடமிருந்து போன். ஊரில் தனியாக இருக்கிறாள். அவனுடைய போனை இத்தனை நாள் திறக்க முடியாமல் வைத்திருந்தாளாம். தம்பியின் போட்டோ ஏதாவது இருக்கும் என்று, அன்றுதான் கடையில் கொடுத்துத் திறந்திருக்கிறாள்.

"தம்பி... கடைசி நாள் சாயங்காலம் உனக்குத்தான்பா போன் போட்டிருக்கான். எனக்குக்கூடப் போடல. வேற யாருக்குமே போடல."

"எத்தனை தடவைக்கா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"இரு, எண்ணிச் சொல்றேன்."

ஒன்று, இரண்டு என்று மெதுவாக எண்ண ஆரம்பித்தாள். ஒவ்வொன்றுக்கும் மணி சொன்னாள். நாலு பத்து... நாலு பதினாறு... ஆறே முக்கால்...

பதினான்கில் நிறுத்தினாள்.

"ஏம்பா... நீ எடுக்கவே இல்லையா?"